மெஷின் வேண்டாம் என்று எழுதிய தாள்

கழுத்தில் ஓட்டை போடுவதற்கு இப்போதுதான் தள்ளிக்கொண்டு போனார்கள். பார்த்தீங்க இல்ல, பச்சைத் துணி போர்த்தி, கூடவே ஒருத்தன் பலூன் மாதிரி ஒன்றை அமுக்கிக்கொண்டே ஓடினானே? அவர்தான் எங்கப்பா. பன்னிரண்டு நாளாக வாயில் குழாய். இனிமேலும் வாயிலேயே வைத்திருந்தால் புண்ணாகிவிடுமாம். அதனால் தொண்டையில் ஓட்டை போட்டு அது வழியாக மெஷினை மாட்டுவார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டுப் பாருங்க, ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு வேண்டாம் என்று எங்கப்பா எழுதி வைத்திருக்கிறார் அண்ணே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதோ என் பையிலேயே இருக்கிறது. முத்திரைத்தாள், நோட்டரி சீல், இரண்டு சாட்சி கையெழுத்து. மூச்சுக் குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம், நெஞ்சை அமுக்க வேண்டாம். வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். கடைசி வரியைப் படிங்க. 'நான் பேச முடியாத நிலைக்குப் போனால் என் சார்பாக முடிவு சொல்ல வேண்டியவர் என் மகன் பல்பீர்.'

பல்பீர் நான்தான். சிரிப்பு வந்தா சிரிச்சிடுங்க. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். பல்பு, ஃபியூஸ் போன பல்பு, ஜீரோ வாட்ஸ்.

நீங்க கையில வெச்சிருக்கிற ஃபாரத்தைப் படிச்சீங்களா? உங்கம்மாவை ஒன்பது மணிக்குத்தானே கொண்டுவந்தீங்க? படிச்சுட்டுப் போடுங்க கையெழுத்தை. இங்கே எல்லோரும் பேனாவை நீட்டும்போதே 'சீக்கிரம்' என்றுதான் நீட்டுவார்கள்.

எங்கப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டினவர். நாயக் மார்க்கபந்து. நாயக் என்றால் பெரிய பதவி இல்லை, சட்டைக் கையில் இரண்டு பட்டை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார். அதனால் யார் யாருக்கு எழுந்து நிற்கணும் என்பது ரிட்டையர் ஆகியும் மாறாது. கல்யாணப் பந்தியில்கூட சுபேதார் உட்கார்ந்த பிறகுதான் ஹவில்தார் உட்காருவார். எங்கப்பாவுக்கு எப்பவும் கடைசிப் பந்தி.

மலையில் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது அவருக்குத் துணை டிரைவர் ஒரு பஞ்சாபி. பல்பீர் சிங். ஒருநாள் அப்பாவுக்குக் காய்ச்சல், அந்த ஆள் தனியாக வண்டியை எடுத்தார். பனியில் சறுக்கி வண்டி பள்ளத்தில் விழுந்துவிட்டது. அவரை எடுத்து, ராணுவ ஆஸ்பத்திரியில் போட்டு, மெஷின் மாட்டினார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள அப்பாவுக்கு டியூட்டி போட்டார்கள். ஏழு மாசம். திருப்பிப் போடுவது, துடைப்பது, குழாயில் சளி எடுப்பது. ஏழு மாசமும் அந்த ஆள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். எட்டாவது மாசம் போய்விட்டார். "அவன் செத்தது ரோட்டுல. ஏழு மாசம் கழிச்சுத்தான் எங்களுக்குச் சொன்னாங்க" என்பார் அப்பா. ரொம்ப வருஷம் கழித்து நான் பிறந்தேன். அந்தப் பெயரை வைத்துவிட்டார். என்னைக் கேட்டா வைத்தார்கள்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிற வியாதி என்று சொன்னார்கள். மருந்து தள்ளிப்போடுமாம், நிறுத்தாதாம். அப்பா வெளியே வந்து, "எத்தனை கிலோமீட்டர் ஓடும்னு தெரிஞ்சுபோச்சு. எங்கே நிறுத்தணும்னு நாமளே சொல்லிடணும்" என்றார். டிரைவர் பேச்சு.

அப்புறம் எனக்குப் பதினெட்டு முடிகிறவரை காத்திருந்தார். அதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். பெயிலாகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிசிக்ஸ் வாத்தியார் போர்டில் கணக்கைத் தப்பாகப் போட்டார். தப்பு என்றேன். உட்காருடா என்றார். தப்புதான் என்றேன். ஹெட்மாஸ்டர் ரூமில் நிற்க வைத்து மன்னிப்புக் கேள் என்றார்கள். கணக்கு இன்னும் தப்பாகத்தானே இருக்கு, நான் எதுக்குக் கேக்கணும்? பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா ஒரு வாரம் அழுதாள். மாமா என்னை நாய் என்றார். அப்பா மட்டும் ஒரு மாசம் பேசவே இல்லை. பிறகு என் பிறந்தநாள் அன்றைக்குக் காலையில் கூப்பிட்டார்.

"உனக்கு வாய் இருக்குடா" என்றார். "யாருக்கும் பயப்படாத வாய். அது எனக்கு வேணும்."

பிறந்தநாள் பரிசு இந்தத் தாள்தான்.

அம்மா பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அவகிட்டச் சொன்னா அவ அண்ணன்கிட்டச் சொல்லுவா. அவர் வந்து மார்ச் பண்ணுவாரு." அவர்தான் என் மாமா. ஆனரரி கேப்டன் சம்பங்கி. அதோ, ஜன்னல் பக்கம் விறைப்பாக நிற்கிறாரே, அவர்தான். எங்கப்பா அவரை ஒருநாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. 'சாப்' என்பார். சொந்த வீட்டில், சாப்பிடும்போதுகூட, "சாப், இன்னும் கொஞ்சம் குழம்பு?"

சாட்சிக்கு ஆள் கிடைக்கவில்லை. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் போய்க் கேட்டார். அவனவனும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். கார்கில் பார்த்தவன், சியாச்சின் பார்த்தவன் எல்லோரும். 'சாவைப் பத்தி எழுதுற பேப்பர்ல கை வெச்சா நம்ம வீட்டுக்கு வரும்' என்று ஒரு ஹவில்தார் சொன்னார். கடைசியில் போஸ்ட்மேனும் டயர் பஞ்சர் கடை பாயும்தான் போட்டார்கள். பாய் மட்டும் முழுசாகப் படித்தார். படித்துவிட்டு, "உங்களுக்குப் பயமில்லையா பட்டாளம்?" என்றார். "பயந்துதான் எழுதுறேன்" என்றார் அப்பா.

மாமாவுக்குச் சங்கத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே வந்து நின்றார்.

"பட்டாளத்தான் கையைத் தூக்கமாட்டான் மார்க்கபந்து."

"நான் கையைத் தூக்கல சாப். வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்றேன்."

"கிழிச்சுப் போடு."

"சரி சாப்" என்றார் அப்பா. கிழிக்கவில்லை. என்னிடம் கொடுத்தார். எங்கப்பா மேலதிகாரியை எதிர்த்த விதம் அது ஒன்றுதான். 'சரி சாப்' என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் இருப்பது.

அப்புறம் எனக்கு டிரில் ஆரம்பித்தது. டிரில் என்றால் நிஜமாகவே டிரில். காலையில் ஆறு மணிக்குக் கொல்லையில் நிறுத்துவார். அட்டென்ஷன். அவரே டாக்டர் ஆகிவிடுவார்.

"தம்பி, மெஷின் போடணும். சைன் பண்ணு."

"எங்கப்பா வேண்டாம்னு எழுதியிருக்காரு சார். இதோ பேப்பர்."

"சவுண்டு பத்தல. மறுபடி."

இரண்டாவது, அம்மா. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "ஐயோ எஞ்சாமி, எம்புருஷனைக் காப்பாத்துடா" என்று ஒப்பாரி வைப்பார். மூச்சு வாங்கும். நான் சிரித்துவிடுவேன். சிரித்தால் பத்துத் தண்டால். மூன்றாவது, மாமா. நெஞ்சை நிமிர்த்தி, இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு, "கிழிடா அதை" என்பார். நான், "மாமா, இது அப்பா ஆர்டர்" என்று சொல்லணும். கண்ணை இமைக்காமல் சொல்லணும். பத்து நாளில் எனக்குப் படிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து அம்மா என்ன சத்தம் என்று கேட்டால், "பட்டாளத்துல ஆள் எடுக்கறாங்க, அதுக்குத் தயார் பண்றேன்" என்பார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத் தினமும் இரண்டு முட்டை.

நல்லாத்தான் செய்தேன் அண்ணே. அவரே சொன்னார், 'பாஸ்' என்று.

அப்புறம் அந்தக் காலை. வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்தும் மூச்சு ஏறவில்லை. ஆம்புலன்ஸில் அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பையைத் தொட்டுக் காட்டினார். இருக்குப்பா, எடுத்துட்டு வந்துட்டேன் என்றேன். எமர்ஜென்சியில் ஒரு சின்ன டாக்டர். என்னைவிட ஐந்தாறு வயசுதான் கூட இருக்கும். மூன்று நோயாளிகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். "குழாய் போடலைன்னா அரை மணி தாங்கமாட்டாரு. யாரு கூட வந்தது? சைன்" என்றார். அவ்வளவுதான் கேட்டார். டிரில்லில் இந்த அரை மணி இல்லை. யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பதாக அப்பா நடித்துக் காட்டவில்லை.

"சார், ஒரு பேப்பர் இருக்கு" என்றேன்.

"கவுண்டர்ல கொடு" என்றார். எல்லோரும் ஏதாவது பேப்பரை நீட்டிக்கொண்டேதானே இருக்கிறார்கள், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அதற்குள் மாமா வந்துவிட்டார். வாசலில் இருந்த செக்யூரிட்டி முன்னாள் பட்டாளம், மாமாவைப் பார்த்ததும் சல்யூட். எல்லோரும் வழிவிட்டார்கள். "எங்கே போடணும்?" என்றார். நம்பர், ரேங்க், பெயர், எல்லாம் போட்டுக் கையெழுத்து. எங்கப்பா ஸ்ட்ரெச்சரிலிருந்து என்னையே பார்த்தார். நான் மாமா பக்கத்தில் விறைப்பாக நின்றேன். அட்டென்ஷனில். அதுதான் கேவலம். டிரில்லில் பாதி ஞாபகம் வந்தது, நிற்கிற பாதி.

மாமாதான் காரணம். வேறு யார்? அன்றைக்கு அவர் வந்திருக்காவிட்டால் நான் சொல்லியிருப்பேன். சத்தமாகவே சொல்லியிருப்பேன்.

சரி, அன்றைக்கு விட்டுவிட்டோம், மறுநாள் சொல்லலாம் என்றால், மறுநாள் ஆக்சிஜன் அளவு ஏறியது. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தார். கண்ணைத் திறந்தவரை எப்படி அண்ணே? அம்மா விபூதி வைத்தாள், அவர் புருவத்தை அசைத்தார். மாமா, "பாத்தியா? பட்டாளத்தான்" என்றார். நானும் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். பொய் சொல்லி என்ன, மாமாவோடு கேன்டீனில் உட்கார்ந்து பரோட்டா தின்றேன்.

நான்காம் நாள் அவர் குழாயைப் பிடித்து இழுத்துவிட்டார். பாதி வந்துவிட்டது. திரும்ப உள்ளே தள்ளினார்கள். ஜிஷா சிஸ்டர் வெளியே வந்து, "கையைக் கட்டணும் தம்பி, இல்லேன்னா மறுபடி இழுப்பாரு. வீட்டாள் ஒருத்தர் சம்மதிச்சுக் கையெழுத்து வேணும்" என்றார். மாமா கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். அம்மா ஊருக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். நான்தான் இருந்தேன்.

போட்டேன்.

இந்த ஆஸ்பத்திரியில் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான். பெயர், உறவு, தேதி. உறவு என்ற இடத்தில் 'மகன்'. உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டு மணிக்கட்டையும் வெள்ளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பஞ்சு வைத்து, இறுக்காமல், நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். விரல்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன, கியர் தேடுகிற மாதிரி.

ஒரு விஷயம், மாமாவையும் சொல்லணும். ஏழாம் நாள் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போதும் அதே லேஸ். "மாமா, கட்டியாச்சு" என்றேன். "தெரியும், போடா" என்றார்.

நேற்றைக்குத்தான் தாளைக் காட்டினேன். தைரியம் வந்து காட்டவில்லை. ஜிஷா சிஸ்டர் பையில் என்ன என்று கேட்டார், எடுத்துக் கொடுத்துவிட்டேன். படித்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "எந்தா இது மோனே, பதினோரு நாளா வெச்சிருந்தியா?" என்றார். அவ்வளவுதான். நேராகப் பெரிய டாக்டரிடம் கொண்டு போனார்.

டாக்டர் மேடம் என்னைத் தனியாக உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். மாமாவையும் கூப்பிட்டுச் சொன்னார். இந்தத் தாளை மட்டும் வைத்து மெஷினை எடுப்பது என்றால் டாக்டர்கள் குழு கூடணும், அதற்கு முறை இருக்கிறது. ஆனால் இப்போது அவரே விழித்திருக்கிறார். நினைவோடு இருக்கும்போது தாளைப் பார்த்து ஏன் முடிவு செய்யணும், அவரையே கேட்கலாம். "கழுத்தில் ஓட்டை போட்டால் இன்னும் சில மாசம் மெஷினில் இருக்கலாம், வீட்டுக்குப் போகிற வாய்ப்பு ரொம்பக் குறைவு. வேண்டாம் என்றால் மயக்க மருந்து கொடுத்து, மூச்சு முட்டாமல் பார்த்துக்கொண்டு, குழாயை எடுத்துவிடுவோம். பக்கத்தில் நீங்கள் இருக்கலாம்." மாமா வாயைத் திறந்தார். டாக்டர், "உங்களை நான் மதிக்கிறேன் கேப்டன். ஆனா கேள்வி உங்களுக்கு இல்லை" என்றார். மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை நாளில் ஒரு ஆள் அவரை உட்கார வைத்தது அப்போதுதான். அப்போது மட்டும் எனக்கு மாமாமேல் கோபம் இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது. இனிமேல் அவர்தான் காரணம் என்று கோபப்பட ஆளே இல்லாமல் போய்விட்டது.

இன்றைக்குக் காலையில் டாக்டரே அப்பாவிடம் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றால் ஒரு தடவை கண்ணை மூடித் திறங்க, வேண்டும் என்றால் இரண்டு தடவை. அப்பா ஒரு தடவை மூடித் திறந்தாராம். "ஆனா மருந்துக் கலக்கம் இருக்கும். நான் ஒருத்தி கேட்டது போதாது. அவர் எழுதி வெச்சிருக்கிற ஆள் நீ. நீயும் கேளு. அதே பதில் வந்தா நான் எழுதிக்கறேன். நீ வந்து கேப்பேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

என்ன செய்யணும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்கத்தில் போ. முகத்துக்கு நேராக நில். தெளிவாகக் கேள். பதில் வருகிறவரை நில், பத்து நிமிஷம் ஆனாலும் நில். கூடவே வருகிறேன் என்றுதான் சொன்னார். அதற்குள் வேறொரு கட்டிலில் மணி அடித்தது, ஓடிவிட்டார்.

நான் உள்ளே போனேன். அவர் எனக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். பார்த்தவுடனேயே தெரிந்தது. தாடை சவரம் செய்து, வெளுத்து, குழாயைக் கடித்துக்கொண்டு. கண் மட்டும் அகலமாகத் திறந்திருந்தது.

அப்பா டாக்டர் வேஷம் போட்டார், அம்மா வேஷம் போட்டார், மாமா வேஷம் போட்டார். தன் வேஷத்தை மட்டும் ஒருநாளும் போட்டுக் காட்டவில்லை.

"அப்பா," என்றேன். "பஞ்சர் கடை பாய் உங்களை விசாரிச்சாரு." இமைக்கவில்லை. "நம்ம வண்டிக்கு பேட்டரி மாத்திட்டேன்." இமைக்கவில்லை. "மழை பேஞ்சுது, கொல்லையில தண்ணி நிக்குது." கண்ணில் நீர் கட்டுகிறது, விளிம்பு சிவக்கிறது, ஆனால் மூடமாட்டேன் என்கிறார். கேள்விக்கு முன்னால் மூடிவிட்டால் அது பதிலாக இருக்காதே, அதனால் அடக்கி வைத்திருக்கிறார் அண்ணே. ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் கண்ணை மூடாமல் இருக்க முடியும்?

"ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்பா" என்றேன். அவர் மூடுவதற்குள் திரும்பிவிட்டேன்.

வெளியே டாக்டர் வந்தார். "கேட்டியா?"

"கேட்டேன் மேடம்."

"என்ன சொன்னாரு?"

"ரெண்டு தடவை மூடினாரு."

என்னையே பார்த்தார். "காலையில வேற சொன்னாரே."

"இப்ப மாத்திக்கிட்டாரு மேடம்."

அவர் விடவில்லை, தானே கேட்க உள்ளே போனார். அதற்குள் அப்பாவுக்கு மூச்சு இரைத்து, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு, மயக்க மருந்தைக் கூட்டிவிட்டார்கள். எழுப்பிக் கேட்க முடியாது. பதில் இரண்டு விதமாக வந்தால் உயிரைப் பிடித்து வைக்கிற பக்கம்தான் போகணுமாம். ஃபாரம் வந்தது. மாமா பேனாவை எடுத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, என்னிடம் நீட்டினார். போட்டேன்.

பக்கத்தில் போ என்றார், போனேன். முகத்துக்கு நேராக நில் என்றார், நின்றேன். கேள் என்றார்.

கேட்கவில்லை.